பொத்தான் விழுங்கியவர்கள்

இன்று முதல் எந்த வயிறும் பொய் சொல்ல முடியாது.

அகராதி தன் உரையை இப்படித்தான் தொடங்கினார். குடல் நோய்த் துறையின் கூட்ட அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் சுபாவமுள்ள இரண்டு பேர் வாயில் பிஸ்கட் வைத்திருந்தார்கள்.

மனிதன் எழுந்து நிற்கப் பழகிய நாள் முதல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான், எதிரே உட்கார்ந்திருக்கும் வைத்தியனும் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான், ஒருவன் சொன்னது மற்றவனுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை, இந்தக் கூத்து இன்று காலையோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கையை நீட்டினார். புரொஜெக்டர் எரியவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கை அசைத்துவிட்டுப் போன பிறகு, கூத்து மத்தியானத்தோடு முடிந்தது.

அகராதி என்பது அவருடைய பெயரல்ல. நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துவைக்கும் கம்ப்யூட்டர் தரவுத்தளம் ஒன்றை, அந்தத் துறையில் டாக்டரான அவர் உருவாக்கியிருந்தார். அதற்குள் எந்தெந்தச் சொல் நுழையலாம், எது நுழையக் கூடாது என்று சொல்லும் பட்டியலுக்கு அந்தத் தொழிலில் அகராதி என்று பெயர். ஊண் உறக்கமில்லாமல் அதைத் தொகுத்ததால்தான் தனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது என்பது அவர் எண்ணம். நர்சுகள் அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே, அவரைப் பார்த்த முதல் நாளே, அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஒரே சொல்லில் இரு தரப்பையும் திருப்திப்படுத்திய பெருமை தமிழுக்கே சேரும்.

தரவுத்தளத்துக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று இருந்தது. எல்லோரும் பெட்டி என்றார்கள். பெட்டியின் வேலை எளிமையானது. நோயாளி கவுன்ட்டருக்கு வருவார். அங்கே இருக்கும் சிஸ்டர் என்ன தொந்தரவு என்று கேட்டு, திரையில் இருக்கும் பட்டியலில் அதற்குரிய சொல்லை அழுத்துவார். பெட்டி அந்தச் சொல்லுக்கு மதிப்பெண் போட்டு, எண்டோஸ்கோப்பிக்கு, அதாவது வாய்வழியே குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பதற்கு, ஒரு தேதி கொடுக்கும். சிபாரிசு செல்லாது. தெரிந்தவர், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் செல்லாது. துறைத் தலைவரே கைப்பட எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று ஒரு சர்க்குலர் போயிருந்தது. அதை எழுதியவர் அகராதி. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் துறைத் தலைவர்.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. எரிகிற வலி, குத்துகிற வலி, பிசைகிற வலி, முறுக்குகிற வலி, வந்து போகிற வலி, வந்தது போகாத வலி என்று வலிகளே ஒரு தெருவுக்கு நின்றன. ஏப்பத்தில் புளித்த ஏப்பம், வெறும் ஏப்பம், சத்தமுள்ளது, சத்தமில்லாதது. சத்தமில்லாமல் வந்தது ஏப்பம்தான் என்று எப்படித் தெரியும் என்று ஒரு பயிற்சி மருத்துவர் கேட்டார். அவர் இப்போது தோல் நோய்த் துறையில் இருக்கிறார்.

இத்தனையிலும் ஒரே ஒரு கறை. பட்டியலின் கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மட்டும் என்ன வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். சோதனை ஓட்டத்தின்போது செய்திருந்தார்கள். அகராதி அதைத் திறந்து கூட்டத்தில் ஒவ்வொன்றாக, கவிதை வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"என்னமோ பண்ணுது. ஒரு மாதிரி இருக்கு. ஒரு மாதிரியாவே இருக்கு. சாப்பிட்டா ஒரு மாதிரி, சாப்பிடலன்னா வேற மாதிரி. வயிறு எம்மேல கோவமா இருக்கு."

பிஸ்கட் முடிந்திருந்ததால் இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? இவங்கல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களா, துணிக்கடைக்கு வந்தாங்களா?"

துறைத் தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். வாழ்நாளெல்லாம் ஒரே உறுப்பை ஆராய்ந்தவர் என்பதால் அவருக்குப் பெருங்குடல் என்று பெயர். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. அவர் சிரித்ததே அனுமதி என்று, அன்று சாயங்காலமே அகராதி 'மற்றவை'யை நீக்கிவிட்டார். அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு வருகிறது. குழுவுக்குப் பிடித்துவிட்டால் பெட்டி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போகும். பெட்டியோடு அகராதியும் இயக்குநராகப் போவார்.

வீட்டில் சாப்பிடும்போது அதே பட்டியலை மறுபடியும் வாசித்துக் காட்டினார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா சிரித்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர், எந்த நகைச்சுவைக்கும் தாராளமாகச் சிரிக்கக் கூடியவர். சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கும் அப்படித்தான்டா இருக்கு."

"எப்படி?"

"ஒரு மாதிரி."

அகராதிக்குப் புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

"எரியுதா?"

"இல்ல."

"ஏப்பம்?"

"அது எல்லாருக்கும் வர்றதுதானே."

"அப்ப ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு நான் எங்கடா சொன்னேன்? வண்டி ஓடுது, பிரேக் பிடிக்குது, எல்லாம் சரி. சத்தம் மாறியிருக்கு. வேற ஒருத்தன் கேட்டா கண்டுபிடிக்க முடியாது. ஓட்டுறவனுக்குத் தெரியும், இது நம்ம வண்டிச் சத்தம் இல்லைன்னு."

"பாதித் தட்டோட எந்திரிச்சிடறாரு," என்றாள் அம்மா. "கேட்டா போதும்ங்கறாரு. இந்த மனுஷன் வாயிலேருந்து அந்த வார்த்தைய நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. பேண்ட்டப் பாரு, கயிறு கட்டி நிறுத்த வேண்டியிருக்கு."

"இப்பல்லாம் துணி தரமா வர்றதில்ல. துவைக்கத் துவைக்கப் பெருசாகுது," என்றார் அப்பா.

"வயசாயிடுச்சுப்பா, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அகராதி கை கழுவப் போனார். குழாயடியில் நிற்கும்போது அப்பாவின் தட்டு கண்ணில் பட்டது. அவர் விட்டு வைத்ததைப் பார்த்தால் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிடலாம்.

'மற்றவை'யை எடுத்த மறுநாளே கவுன்ட்டரில் சிக்கல் வந்தது. அங்கே இருந்த சிஸ்டருக்கு எதையும் சகித்துக்கொள்ள முடியும், பெட்டி போடும் கீச்சுச் சத்தத்தைத் தவிர. எந்தச் சொல்லையும் அழுத்தாமல் தாண்டிப் போனால் திரை சிவந்து பெட்டி கீச்சிடும். முதலில் வந்த அம்மாள், "ஒரு மாதிரி இருக்கு" என்றாள். பெட்டி கீச்சிட்டது. மறுபடி கேட்டதற்கும் அந்த அம்மாள் அதையே சொன்னாள். பெட்டி மறுபடி கீச்சிட்டது. டீ ஆறிக்கொண்டிருந்தது. சிஸ்டர் பட்டியலில் கண்ணுக்கு முதலில் பட்டதை அழுத்தினார். அகர வரிசையில் முதலில் நின்றது 'அந்நியப் பொருள் விழுங்கல்'. என்ன பொருள் என்று பெட்டி கேட்டது. ஊசி, காசு, சாவி, பேட்டரி என்று பெரிய கடையே விரிந்தது. ஊசி என்றால் சர்ஜன் ஓடி வருவார். பேட்டரி என்றால் மாடி வரைக்கும் மணி அடிக்கும். சிஸ்டர் பொத்தானை அழுத்தினார். திரை பச்சையானது. அன்று பிற்பகலே எண்டோஸ்கோப்பிக்கு இடம் கிடைத்தது.

அந்த அம்மாளுக்கு உள்ளே புண் இருந்தது. மருந்து கொடுத்தார்கள். பொத்தான் இல்லை. பெட்டியில் முடிவு எழுத இரண்டு வழிதான்: 'பொருள் எடுக்கப்பட்டது', அல்லது 'பொருள் தானாகக் கடந்து சென்றது'. டாக்டர் இரண்டாவதை அழுத்தினார். அந்த அம்மாள் வெளியே வந்து வரிசையில் நின்றவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு வரிசையில் இப்படிப் பேச்சு நடந்தது:

"உங்களுக்கு என்னங்க?"

"ஒரு மாதிரி இருக்குங்க."

"ஐயோ, அப்படிச் சொல்லித் தொலைக்காதீங்க. நல்லா மென்னு சாப்பிடுங்கன்னு ஒரு துண்டுத்தாள் குடுத்து அனுப்பிடுவாங்க. பொத்தான்னு சொல்லுங்க."

"இந்த வயசுல பொத்தானெல்லாம் முழுங்க முடியாதுங்க."

"யாரு முழுங்கச் சொன்னா? சொன்னா போதும்."

மாத முடிவில் வரைபடம் வந்தது. மற்ற நோய்களெல்லாம் தரையில் தவழ, பொத்தான் மட்டும் கொடிக்கம்பமாக நிமிர்ந்து நின்றது. பெருங்குடல் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"யோவ், இது உலகத்துலயே இல்லாத வியாதிய்யா!"

"சார், எனக்கென்னவோ..."

"ஒரு ஊரே பொத்தான் முழுங்குது! அத்தனையும் தானா வெளிய போயிடுது! ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகல! இதை எழுதாம வேற எதைய்யா எழுதறது?"

எழுத ஆரம்பித்தும் விட்டார். தலைப்பு, 'பெரியவர்களிடையே பொத்தான் விழுங்கும் பழக்கம்: ஒரு முன்னோடி ஆய்வு'. அதன் பிறகு அவர் அறைக்கு யார் போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டையைப் பார்த்தார். ஒரு பொத்தான் குறைவாக வந்த மருந்துக் கம்பெனிக்காரரை உட்காரவைத்து அரைமணி நேரம் விசாரித்தார்.

அகராதி கவுன்ட்டருக்குப் போய் சிஸ்டருக்குப் பின்னால் நின்றார். ஒரு பெண் வந்து ஏதோ சொல்ல, சிஸ்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பொத்தான் போட்டார்.

"சிஸ்டர், இந்தம்மா நிஜமாவே பொத்தான் முழுங்கினாங்களா?"

"கேக்கல டாக்டர்."

"கேக்காமயே போட்டீங்களா?"

"என்ன தொந்தரவுன்னு கேட்டேன். ஒரு மாதிரி இருக்குன்னாங்க. அந்தக் கட்டத்தை நீங்க எடுத்துட்டீங்க. இப்ப அதுக்குப் பேரு பொத்தான்."

"இது பொய் சிஸ்டர்!"

"பெட்டியே ஒத்துக்கிச்சு, உங்களுக்கென்ன? நிஜத்தைச் சொன்னா கத்துது. இதைச் சொன்னா பச்சை காட்டுது."

"இது அறிவியலுக்குப் பண்ற துரோகம்."

"அது எந்தக் கட்டத்துல வரும் டாக்டர்? தேடிப் பாக்கறேன்."

அன்றே அகராதி அவசரக் கூட்டம் கூட்டினார். திரை முழுக்க ஒரு பொத்தான் படம். பொத்தான் கும்பல் என்று பெயர் சூட்டி, ஒரு மணி நேரம் வைது தீர்த்தார். இரக்கம் என்ற பெயரில் பெட்டியிடம் பொய் சொல்கிறவர்கள் நாளைக்கு நோயாளியிடமும் சொல்வார்கள் என்றார். உங்கள் வீட்டு ஆளுக்கு ஒன்றென்றால் இப்படிச் செய்வீர்களா என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியல்ல அது.

"செஞ்சுட்டேன் டாக்டர்," என்றார் கவுன்ட்டர் சிஸ்டர். "எங்க மாமியாருக்கு. போன வாரம்."

"வெக்கமா இல்ல?"

"அவங்களுக்கா, எனக்கா?"

இனி பொத்தான் போட வேண்டுமானால் ஒரு டாக்டர் தன் சொந்தப் பெயரிலும் கடவுச்சொல்லிலும் உறுதி செய்ய வேண்டும் என்று அகராதி பூட்டுப் போட்டார். எந்த டாக்டரும் தன் பெயரைப் பொத்தானோடு சேர்த்துப் பார்க்க விரும்பவில்லை. தொற்று ஒரே நாளில் அடங்கியது. பெருங்குடல் பாதி எழுதிய கட்டுரையை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் யாருடைய சட்டையையும் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் கையில் ஆளுக்கொரு துண்டுத்தாளோடு வீட்டுக்குப் போனார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அப்பா ஒருநாள் குளித்துவிட்டு வெற்று உடம்போடு வந்து நின்றார். அகராதி செய்தித்தாளை இறக்கியவர் மறுபடி ஏற்றவில்லை. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. இதே நிலையில் வேறு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால், உள்ளே என்ன வளர்கிறது என்று உடனே பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்லியிருக்கக்கூடியவர் அவர்தான்.

"நாளைக்கு என்கூட வாங்கப்பா."

"எதுக்கு?"

"சும்மா. என் பெட்டியப் பாக்க."

கவுன்ட்டருக்குப் போகாமல் தன் அறையிலேயே உட்கார்ந்து முறைப்படி பதிவு செய்தார். முதலில் 'எடைக்குறைவு' என்று அழுத்தினார். முந்தைய எடை என்ன என்று பெட்டி கேட்டது. அதில்லாமல் நகர மாட்டேன் என்று நின்றது.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது எடை பாத்திருக்கீங்களாப்பா?"

"டிப்போவுல பாத்திருக்காங்க. பஸ்ஸோட சேர்த்து. அதைச் சொல்லட்டுமா?"

'பசியின்மை'யை அழுத்தப் போனார்.

"பசிக்குதுடா. நல்லாப் பசிக்குது. ரெண்டு வாய் போனதும் போதும்னு ஆயிடுது."

அகராதி பட்டியலில் மேலும் கீழும் போய் வந்தார். 'போதும்' என்பதற்கு அதில் இடமில்லை. தொகுக்கும்போது அப்படியொரு சொல் அவர் முன்னால் வந்தது நினைவிருக்கிறது. போதும் என்பது தொந்தரவா, பண்பா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுச் சிரித்ததும் நினைவிருக்கிறது. கடைசியில் 'செரியாமை, லேசானது' என்று போட்டார். அச்சு இயந்திரம் ஒரு துண்டுத்தாளைத் துப்பியது. நன்றாக மென்று சாப்பிடவும், மனதை அமைதியாக வைத்துக்கொள்ளவும். கீழே எண்டோஸ்கோப்பி தேதி. ஐந்து மாதம் தள்ளி.

அப்பா அதை வாங்கிப் படித்தார். "நல்லா எழுதியிருக்கேடா," என்றார்.

அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அகராதி பெருங்குடலின் அறைக்குப் போனார்.

"சார், எங்கப்பாவுக்கு ஒரு ஸ்கோப் பண்ணணும். சீக்கிரமா. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"நான் கையால எழுதக்கூடாதேய்யா. உன் சர்க்குலர்தான். நேத்துதான் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கே." கிண்டல் இல்லாமல் உண்மையாகவே சொன்னார். "அப்பாவுக்கு என்ன பண்ணுது?"

அகராதி வாயைத் திறந்தார். "சாப்பிட்டா... வலின்னு இல்ல சார். அதாவது, முன்னைய விட... அவரைப் பாத்தா ஒரு..."

"ஒரு?"

"ஒண்ணுமில்ல சார்."

"பெட்டியில போடு, அது சொல்லும்," என்றார் பெருங்குடல். "குழு வர்றப்ப நாமளே அதை மீறக்கூடாது பாரு."

திரும்பி வந்தபோது அப்பா பெஞ்சில் பக்கத்திலிருந்தவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு மாதிரி இருக்கிறதாம். இருவரும் துண்டுத்தாள்களை ஒப்பிட்டுப் பார்த்து, எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அகராதி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் அப்பாவுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றார்.

"தண்ணி?"

"தண்ணியும் வேணாம்."

"இடம் கிடைச்சிடுச்சாடா?"

"பாக்கலாம்மா."

அம்மா அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வரிசை சேர்வதற்கு முன்பே அகராதி அப்பாவோடு கவுன்ட்டருக்குப் போனார். சிஸ்டர் இருவரையும் பார்த்தார். அப்பாவின் கழுத்தை, சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் கேன்டீன் வரைக்கும் போயிட்டு வர்றேன் டாக்டர். நாற்காலி காலியாத்தான் இருக்கு."

டம்ளரில் டீ நிறைய இருந்தது.

அகராதி உட்கார்ந்தார். பட்டியலைத் தேட வேண்டியிருக்கவில்லை. தேவையானது முதலிலேயே நின்றது.

"என்னடா போடற?" என்றார் அப்பா.

"பொத்தான்."

"எதுக்கு?"

"நீங்க முழுங்கிட்டீங்கப்பா."

"நானா? எப்ப?"

"நேத்து."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "தெரிஞ்சா, தெரியாமயா?"

"தெரியாமதான்."

"அதானே," என்றார் அப்பா நிம்மதியாக.

திரையில் புதிதாக ஒரு கேள்வி எழுந்தது. பொத்தானில் எத்தனை துளை? பொய் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறிப் பிடிபட வேண்டும் என்று பூட்டுப் போட்ட அன்றே அகராதி சேர்த்து வைத்த கேள்வி. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி வரைக்கும் வந்தவர் யாருமில்லை.

அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். ஹேங்கரில் தொங்குவதுபோல் சட்டை தொங்கியது. மேல் பொத்தான் அகராதியின் கண்ணுக்கு நேரே இருந்தது.

நாலு என்று போட்டார். கீழே தன் முழுப்பெயரை அடித்தார், கடவுச்சொல்லை அடித்தார், பச்சை வருகிற வரைக்கும் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.